மூன்று நிமிடத்தில் எடுத்த அட்டை

'நாள் தள்ளிப்போன முதல் நாளே தெரிந்துகொள்ளலாம்' என்று மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையின் உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். போட்ட மகராசன் ஒருநாளும் கொல்லிமலைக்கு வந்திருக்க மாட்டான். யாருக்கு நாள் தள்ளியது, அவள் அந்த நாளை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாள், அட்டையில் சொட்டு விடுமுன் எவ்வளவு தூரம் நடந்து வந்தாள் என்றெல்லாம் அவனுக்கென்ன கவலை.

போன மாதம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது, வாழவந்தி நாடு என்ற மலைப் பஞ்சாயத்தில் இருந்த என் துணை சுகாதார நிலையத்தின் சாவியை அவள் கையில்தான் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

"ரோஸியக்கா, புதுசா நாலு பிள்ளைங்க வேலைக்கு வந்திருக்காங்க. எப்ப டெஸ்ட் எடுக்கணும், எப்படி எடுக்கணும்னு மாசக் கூட்டத்துல யாராச்சும் சொல்லணுமாம். நான் சொன்னா ஒருத்தியும் போன்ல இருந்து தலையைத் தூக்க மாட்டேங்கறா. நீங்க வந்து பத்து நிமிஷம் பேசுங்கக்கா."

"எனக்கு அதைப் பேச யோக்கியதை இல்லடி" என்றேன்.

அவள் சிரித்தாள். அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இது அதுதான். கூட்டத்தில் படித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி.

நான் மலைக்காரி இல்லை. ராசிபுரம் பக்கம். பயிற்சி முடித்து, ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டு மலைக்கு வந்தபோது, இரண்டு வருடம் தள்ளிவிட்டு கீழே மாறுதல் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பணிக்காலம் முழுக்க அங்கேயே கழிந்தது. அதில் பாதிக்கு மேல் எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் கமலவேணி அக்கா.

கமலவேணி அக்காவைப் பற்றி நந்தினிக்குத் தெரியாது. குள்ளமான உருவம். இடது கையில் ஆம்பளைக் கடிகாரம் கட்டியிருப்பார், அவர் வீட்டுக்காரருடையது. அதில் நொடி முள் பெரியதாக, சிவப்பாக இருக்கும். யாரையும் உரக்கத் திட்ட மாட்டார். தப்புச் செய்தவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளே தன் தப்பைச் சொல்லும்வரை பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பதில் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

இலவச அட்டைகள் முதன்முதலில் வந்தபோது அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். "மூணு சொட்டு. நாலு விடாதே, ரெண்டு விடாதே. விட்டதும் மணியைப் பாரு. அஞ்சு நிமிஷம் ஆகற வரைக்கும் அட்டையைப் பாக்காதே, முள்ளைப் பாரு. அஞ்சாச்சுன்னா அட்டையைப் பாரு. ஒரு கோடு வந்தா இல்லை. ரெண்டு கோடு வந்தா உண்டு, ரெண்டாவது எவ்வளவு மங்கலா இருந்தாலும் உண்டு. கோடே வரலையா, அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடு. பத்து நிமிஷம் தாண்டி வர்ற கோட்டை நம்பாதே, அது காஞ்சு போய் வர்ற கறை."

பிறகு முக்கியமானதைச் சொன்னார். "ஒரு கோடு வந்தா, இல்லைன்னு சொல்லி அனுப்பிடாதே ரோஸி. இன்னைக்கு இல்லைன்னு சொல்லு. ஒரு வாரம் கழிச்சுக் காலையில எந்திரிச்சதும் புடிச்ச முதல் ஒண்ணுக்கைக் கொண்டாரச் சொல்லு. அதுலயும் இல்லைன்னாதான் இல்லை."

கேட்கும்போது எவ்வளவு எளிது! மலையில் செய்துபார்த்தால்தான் தெரியும். எங்கள் பெண்கள் தேதி சொல்ல மாட்டார்கள். "போன சந்தைக்கு முந்தின சந்தைக்குத் தலைக்கு ஊத்துனேனுங்க" என்பார்கள். அது விலக்கு முடிந்து குளித்த நாள். அதிலிருந்து பின்னால் எண்ணி, ரத்தம் பட்ட முதல் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாளில் தொடங்கி நாலு வாரம் போய், அடுத்தது வரவில்லை என்றால்தான் தள்ளியது என்று பேச்சு. பால் கொடுக்கிறவளுக்கு அதுவும் இல்லை. வந்தால் வரும், வராவிட்டால் வராது. அவளிடம் புருசனோடு சேர்ந்த நாளைக் கேட்டு மூன்று வாரம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதைக் கேட்டால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

காலையில் பிடித்த முதல் ஒண்ணுக்கைக் கொண்டுவரச் சொன்னால் யார் கேட்பார்கள்? பாட்டிலில் பிடித்து, பையில் போட்டு, பஸ்ஸில் மாமனார் பக்கத்தில் நின்றுகொண்டு வர எவளுக்கு மனசு வரும்? "அய்ய, போங்க நர்ஸம்மா" என்று ஓடிவிடுவார்கள். வெறுங்கையோடு மேட்டு ஊர்களிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நடந்து வருவார்கள். வழியிலேயே ஒதுங்கிவிட்டு வருவார்கள். நிலையத்துக்கு வந்து கழிப்பறையில் நின்றால் சொட்டுக்கூட வராது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் எனக்குச் சாயங்காலம்தான் வண்டி.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர், அரை மணி கழித்து இன்னொரு சொம்பு. வரும்போதே கூழும் மோரும் வயிறு முட்டக் குடித்துவிட்டு வரச் சொன்னேன். எல்லோருக்கும் வந்தது. வேலை சட்டென்று முடிந்தது. பக்கத்துப் பஞ்சாயத்து நர்சுகள்கூட என்னைப் பார்த்து அப்படிச் செய்தார்கள். எனக்குப் பெருமை வேறு.

ஒருமுறை கமலவேணி அக்கா ஆய்வுக்கு வந்தவர் ஒரு கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன ரோஸி, பச்சைத் தண்ணியாட்டம் இருக்குது?"

"நடந்து வந்தவங்கக்கா. தண்ணி குடிக்கச் சொன்னேன்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்காரவைத்தார். கடைசியில் நானே சொன்னேன்: "தண்ணி கலந்துட்டா கோடு தெரியாமப் போயிடும்."

"தெரிஞ்சு வச்சிக்கிட்டே செய்யறியா?"

"இனி செய்ய மாட்டேன்க்கா" என்றேன். அவர் போன அடுத்த வாரமே மறுபடி சொம்பை எடுத்து நீட்டினேன். மூன்று மணி பஸ் யாருக்காக நிற்கும்?

இனி பவளாயி. இவளை எழுதத்தான் இத்தனை சுற்று.

இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு. மேட்டு ஊர்க்காரி. அங்கே ரோடும் இல்லை, போனுக்கு டவரும் இல்லை. இரண்டு மணி நேர நடை. பெரிய வாய், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அன்று புதன்கிழமை, ஒன்பது மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தாள். ஊசி போட்டு முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகும் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"என்ன மாதிரி?"

"போன மாசந்தான் மொத தடவையாக் குளிச்சேனுங்க, இவ பொறந்த பொறவு. இந்த மாசம் சரியாப் படல. ரெண்டு நாளு சொட்டுச் சொட்டா வந்து நின்னுபோச்சு. இல்லைன்னு சொல்லிப்போடுங்க நர்ஸம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடுத்த மாசம் ரெண்டு பேரும் கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போறோமுங்க. வயித்துல ஒண்ணு இருந்தா அவரு என்னைய உட்டுட்டுப் போயிருவாரு."

"நான் சொன்னா இல்லாமப் போயிருமா? குடி இதை" என்று சொம்பை நீட்டினேன். மடமடவென்று குடித்தாள். குழந்தை சொம்பைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்ததில் பாதித் தண்ணீர் மாரில் வழிந்தது.

மூன்று சொட்டு விட்டேன். மணி பார்த்தேன், இரண்டு ஐம்பத்தைந்து. அட்டையில் முதல் கோடு வந்தது. கீழே திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி பார்த்தேன், இரண்டு ஐம்பத்தெட்டு. ஒரே கோடு.

"இல்ல கண்ணு. போயிட்டு வா" என்றேன்.

"நெசமாவா? சாமி, நல்லா இருக்கோணும் நீங்க!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய தாய் சேய் அட்டையிலும் என் பதிவேட்டிலும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பரிசோதனை அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு வாரம் கழித்து வா என்று சொல்லவில்லை. இன்னைக்கு இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை காலை குப்பையைப் பிரித்துக் கட்டும்போது அந்த அட்டை மேலாக்கக் கிடந்தது. நேற்று கடைசியாகப் போட்டது அதுதானே. இரண்டாவது கோடு இருந்தது. மங்கலாக, இளஞ்சிவப்பாக, பார்த்தால் தெரிகிற மாதிரி, பார்க்காவிட்டால் தெரியாத மாதிரி.

வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன். பத்து நிமிஷம் தாண்டி வந்த கோட்டை நம்பாதே என்று கமலவேணி அக்கா சொன்னது எனக்கு அன்றைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! அவர் சொன்ன மற்றதையெல்லாம் மீறியவள், அந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அது நாலாம் நிமிஷம் வந்ததா, நாற்பதாம் நிமிஷம் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? பார்க்க வேண்டிய நேரத்தில் நான் பஸ்ஸில் அல்லவா இருந்தேன்!

மணி எட்டரை. மழை இல்லை, காற்று இல்லை. அன்று பெரிதாக வேலையும் இல்லை. கிளம்பியிருந்தால் பத்தரைக்கு அவள் வீட்டு வாசலில் இருந்திருப்பேன். எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் அன்று வலிக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். அட்டையை உறைக்குள் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வேறு எதற்காவது இந்தப் பக்கம் வருவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

மூன்று வாரம் கழித்து மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாசக் கூட்டம். முற்பகல் பதினொன்றரை மணி. வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பவளாயியை அவள் புருசன் சடையன் முதுகில் சுமந்து வந்து இறக்கினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் அடிவயிற்றை ஒருபக்கம் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தோள்பட்டை வலிக்கிறது என்றாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் அம்மா பின்னால் வந்தாள்.

அன்று பணியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். நல்ல பையன்தான். அவர் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டார். "மாசமா இருக்காங்களா?"

"இல்லீங்க" என்றான் சடையன். மடியிலிருந்து தாய் சேய் அட்டையை எடுத்து விரித்துக் காட்டினான். பாலித்தீன் பையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தான். "நர்ஸம்மாவே பாத்துப்போட்டாங்க. இங்க எழுதிக்குதுங்க பாருங்க."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கதான் பாத்தீங்களா சிஸ்டர்?"

"ஆமா சார்."

"நெகட்டிவா?"

எனக்குப் பக்கத்தில் கமலவேணி அக்கா நின்றிருந்தார். கைப்பை என் தோளில் தொங்கியது. அட்டை அதற்குள் இருந்தது. மூணே நிமிஷம்தான் பார்த்தேன் சார், மறுநாள் ஒரு கோடு தெரிஞ்சது சார், மறுபடி பார்த்துடலாம் சார். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"நெகட்டிவ் சார்" என்றேன்.

அவர் நம்பினார். ஏன் நம்ப மாட்டார், அனுபவமுள்ள நர்சு சொல்கிறாள். வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார்கள். நான் கூட்டத்துக்குத் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ என்னவோ பேசினார்கள். ஒரு மணி நேரம் போயிற்று.

கூட்டம் முடிந்து வெளியே வந்த கமலவேணி அக்கா கட்டிலுக்குப் போய் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்தார். "ரோஸி, அட்டை எடு" என்றார். குழாய் போட்டு ஒண்ணுக்கு எடுத்தோம். மூன்று சொட்டு. அவர் கடிகாரத்தைக் கழற்றக்கூட இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு கோடும் பேனாவால் இழுத்த மாதிரி நின்றன.

கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம். கீழே கொண்டுபோய்த் திறந்தால்தான் உண்டு. மலையில் ரத்தமும் இல்லை, அறுக்க ஆளும் இல்லை.

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். எழுபது வளைவும் ஒரே பாதைதான், இறங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அவள் சரியாமல் தலையை என் மடியில் பிடித்துக்கொண்டேன். சடையன் அவள் காலைப் பிடித்திருந்தான். குழந்தையை மேலேயே விட்டு வந்திருந்தோம். அவளுக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

"நர்ஸம்மா... பாப்பாளுக்குப் பசிக்குமுங்க. திருப்பச் சொல்லுங்க."

"இந்தா போயிட்டு வந்துரலாம் கண்ணு."

"மாசம் இல்லீங்கல்ல?" என்று கேட்டாள். நான் அவள் நெற்றியைத் துடைத்தேன். வேறென்ன செய்ய? முப்பத்தொன்றாம் வளைவுப் பலகை ஜன்னலில் தெரிந்தபோது அவள் கை என் கையில் கனத்தது. டிரைவரிடம் சொல்லவில்லை. அவர் பாவம், கடைசிவரை ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார்.

பிறகு விசாரணைக் கூட்டம் நடந்தது. எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினாள், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாள், எத்தனை வளைவு என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். காரணம் என்ற இடத்தில் தூரமும் மலைப்பாதையும் வந்தன. ரோடு வந்து இல்லை என்று சொல்லவா போகிறது? வெளியே வந்ததும் கமலவேணி அக்கா என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ஒருமுறைதான் நான் அந்த மௌனத்தைத் தாக்குப்பிடித்தேன். கடைசியில் அவரே கேட்டார்.

"எத்தனை நிமிஷம் பாத்தே?"

"அஞ்சுக்கா."

அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போனார். ஓய்வு பெறும்வரை என்னிடம் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது உயிரோடு இல்லை.

அதற்கப்புறம் நான் ஒழுங்கானேன். சொம்பை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மூன்று மணி பஸ்ஸை விட்டேன். ஒரு கோடு வந்த ஒவ்வொருத்தியையும் ஒரு வாரம் கழித்து வரவைத்தேன், வராதவளைத் தேடிப் போனேன். முழங்கால் அடியோடு போனதே அதில்தான். நல்ல நர்சு என்று பெயர் எடுத்தேன். ஒருத்தி செத்துத்தான் எனக்குத் தொழில் வந்தது. அந்தத் தொழிலைக் கொண்டு அவளைக் கூட்டிவர முடியுமா? மாதா கோயிலில் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கொடுத்தார். மன்னிக்க வேண்டியவர் அவர் இல்லையே.

சடையன் கேரளாவுக்குப் போகவில்லை, மறுகல்யாணமும் செய்யவில்லை. வருடாவருடம் அன்னாசி விளைந்ததும் முதல் காய் எனக்குத்தான். ஓய்வு பெற்று முள்ளுக்குறிச்சியில் வீடு பார்த்து வந்த பிறகும் இறங்கி வந்து கொடுப்பான். "எம்பட பொண்டாட்டிய மடியில போட்டுக்கிட்டு வந்தவங்க நீங்க. பெத்தவ மாதிரி" என்பான். வாங்கி வைத்துக்கொள்வேன். அதை அறுக்க மனசு வராமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

நந்தினி போன் செய்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வயசு. அதே பெரிய வாய். "கும்பிட்டுக்க சாமி, உங்கம்மா கடைசியா இவங்க கையைத்தான் புடிச்சிருந்தா" என்றான். அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டது. என்னால் தாங்க முடியவில்லை. அவளைப் பின்பக்கம் குழாயடிக்குப் போய் முகம் கழுவி வரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். சொம்புத் தண்ணீர், மூன்று நிமிடம், பஸ், மறுநாள் கோடு, கைப்பை, டாக்டர் கேட்டது, நான் சொன்னது.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"வியாழக்கெழமயே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாளுங்களா?"

"மறுபடி பார்த்திருப்பேன். கீழே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். பிழைச்சிருப்பா சடையா."

மகள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கொண்டுவந்த அன்னாசிப் பையைப் பார்த்தான். எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. வாசல் தாண்டிப் படியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"ரெண்டு மணி நேர நடைதானுங்களே, நர்ஸம்மா?"

அவன் மகளைக் கூட்டிக்கொண்டு மலை பஸ்ஸுக்குப் போனான்.

நந்தினி, சரியான நேரம் கேட்டாய். நாள் தள்ளி ஒரு வாரம் போகட்டும். காலை முதல் ஒண்ணுக்கு, மூன்று சொட்டு, முழுசாக ஐந்து நிமிஷம். இல்லை என்றால் ஒரு வாரத்தில் மறுபடி. வயிறு வலித்தால், சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டால், அட்டை என்ன சொன்னாலும் காத்திருக்காதே, டாக்டரிடம் அனுப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் படித்துக் காட்டினால் போதும். எனக்கான நேரம் அந்த வியாழக்கிழமை காலை எட்டரை மணி. அன்னாசிப் பை இன்னும் அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. வீடு முழுக்க அழுகல் வாசனை. எடுத்துப் போடக் கை வரவில்லை.